முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்

'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. திருச்சியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு இரண்டு வீடியோவாவது இதைப் பற்றி வருகிறது. நான் போகும் சர்க்கரை டாக்டரின் வரவேற்பறையில் பெரிய படமே மாட்டிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தக்காளித் துண்டை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்துக்கு நேர் கீழே, காலை பத்து மணிக்கு டோக்கன் வாங்கிவிட்டு ஒன்றரை மணி வரை காத்திருக்கும் பெண்கள், கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து யாரும் பார்க்காதபடி வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.

தமிழில் இதற்கு 'உணர்ந்து உண்ணல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லும் விஷயத்திலும் எனக்குச் சண்டை கிடையாது. டிவியை அணை, போனைத் தள்ளி வை, உட்கார்ந்து சாப்பிடு, மென்று தின்னு, பசி அடங்கியதும் எழுந்திரு. இதில் எதை மறுக்க முடியும்? நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் சொன்னதுதானே. உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்று திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்திலேயே எழுதி வைத்துவிட்டார். என் சண்டையெல்லாம் இதை யாரிடம் சொல்கிறார்கள், யாரைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் சொல்கிறார்கள் என்பதில்தான்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஹொரேஸ் ஃபிளெட்சர் என்று ஒருவர் இருந்தார். உணவு வாயிலேயே நீராகும் வரை மெல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் பேச்சைக் கேட்டு மென்றார்கள். 1919-ல் அவர் போன பிறகு மெல்லுவதும் போய்விட்டது. பிறகு 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வரும் நோயாளிகளுக்காக ஒரு மனப்பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அதில்தான் உலர்திராட்சைப் பயிற்சி வருகிறது. ஒரே ஒரு திராட்சையை எடுத்துப் பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகக் கடிக்க வேண்டும். வியட்நாம் துறவி திக் நாட் ஹானும் ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாக, அந்தச் சுளையிலேயே மனம் இருக்கும்படி உண்ணச் சொன்னார். அவர் மடத்தில் இருந்தவர். மடத்தில் மணி அடித்தால் எல்லாரும் உட்காருவார்கள், சமைத்தவரும் சேர்த்து. இந்த ஒரு விவரத்தை மட்டும் கப்பலில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள்.

இந்தப் பயிற்சியில் அறிவியல் இல்லாமல் இல்லை. வயிறு விரிவதை நரம்புகள் மூளைக்குச் சொல்ல வேண்டும், குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் 'போதும்' என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். சுமார் 20 நிமிஷம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது இரண்டாம் முறை போட்ட சாதமும் உள்ளே போயிருக்கும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அந்தப் பத்துக் கோடியில் நானும் ஒருத்தி. ஆகவே மெதுவாகச் சாப்பிடு என்று சொல்கிறவர் என் எதிரி இல்லை.

சென்ற மாதம் எங்கள் சங்கத்து ஹாலில் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். ஆளுக்கு 300 ரூபாய். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை, பேச்சும் இனிமை. ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்தாள். அதைக் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னாள். என் பக்கத்தில் இருந்த மூன்றாவது மாடி அம்மாள் என் காதருகே வந்து, "டீச்சர், குக்கர வச்சிட்டு வந்துட்டேன். மூணு விசில் ஆயிருக்கும், அவரு அணைச்சாரோ என்னவோ" என்றாள். திராட்சையில் சத்தம் கேட்காவிட்டாலும் அந்த அம்மாளுக்கு இரண்டு மாடி தாண்டிக் குக்கர் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "வேறெந்த வேலையும் இல்லாமல், இடையில் எழுந்திருக்காமல், ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டது கடைசியாக எப்போது?" ஆண்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர் உடனே கையைத் தூக்கி, "டெய்லி அப்படித்தான்" என்றார்கள். பெண்கள் வரிசையில் முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி சிரித்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு வரிசையே சிரித்தது. பயிற்சியாளருக்கு ஏன் என்று புரியவில்லை. அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாள்.

அந்த ஸ்லைடில் என்ன இருந்தது தெரியுமா? 'உங்கள் பசியின் குரலைக் கேளுங்கள்.' பசியை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்க வேண்டுமாம். மூன்றில் சாப்பிடத் தொடங்கி ஏழில் நிறுத்த வேண்டுமாம்.

நான் கேட்கிறேன், நம் வீடுகளில் சமைக்கிற பெண் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எது தீர்மானிக்கிறது? அவள் பசியா? இல்லவே இல்லை. பாத்திரம்தான் தீர்மானிக்கிறது. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு குழம்பு கொஞ்சமாக இருந்தால் அவளுக்கு மோர்சாதம், ஊறுகாய். பொரியல் தீர்ந்துபோனால் 'எனக்கு அது அவ்வளவு பிடிக்காது.' சாதம் மிஞ்சிவிட்டால் வீணாக்கக் கூடாது என்று பசிக்கு மேலே இரண்டு கரண்டி. பேரப்பிள்ளை பாதியில் வைத்துப் போன இட்லி அவள் கணக்கு. நேற்றைய உப்புமாவும் அவள் கணக்கு. ஒரு நாள் ஏழில் நிற்கும், ஒரு நாள் பன்னிரண்டுக்குப் போகும், ஒரு நாள் நான்கோடு முடிந்துவிடும். இந்தப் பெண்ணிடம் போய் அளவறிந்து உண் என்றால் எதை வைத்து அறிவாள்? அவள் தட்டில் விழுவது எதுவும் அவள் தேர்ந்தெடுத்தது இல்லையே.

என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் கூட்டுக்குடும்பம், வீட்டில் பதினோரு பேர். பகல் பந்தி பன்னிரண்டரைக்குத் தொடங்கும். தாத்தாவும் அப்பாவும் சித்தப்பாமார்களும் முதலில், பிறகு பிள்ளைகள், பிறகு அத்தைமார்கள். அம்மா உட்காரும்போது மணி மூன்று. சோறு ஆறி விறைத்திருக்கும். ரசத்தில் தெளிவு போய் அடிவண்டல் இருக்கும். சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில், யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்திருக்க வசதியாக, ஒரு காலை மடக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். வழித்து உருட்டி விழுங்குவாள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அவள் மெல்லவில்லை என்று யாராவது அவளிடம் குறை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

நம் குழுவில் இருக்கும் பெரியவர்கள் சிலர் இதைப் படித்ததும் ஒரு பழங்கதையோடு வருவார்கள் என்று தெரியும். போன வாரமே ஒருவர் நீளமாக எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் இன்றைக்குச் சொல்வதை நாம் என்றோ செய்துவிட்டோமாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம், வாழை இலை விரித்தோம், நீர் சுற்றினோம், கையால் பிசைந்தோம், பேசாமல் உண்டோம். எல்லாம் உண்மை. ஐயா, அந்த இலையில் விழுந்த சாதம் நடந்தா வந்தது? குனிந்து குனிந்து பரிமாறியவளுக்கு எந்த இலை? பல வீடுகளில் கணவர் சாப்பிட்டு எழுந்த அதே இலையில் சாப்பிடுவதைப் பெருமை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பந்திக்கு முந்து என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதை நம்மில் எந்தத் தாயாவது மகளிடம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் அமைதியாக, இடையில் எழுந்திருக்காமல், உணவிலேயே மனம் வைத்துச் சாப்பிட முடிந்ததற்குக் காரணம் உங்கள் பண்பாடு மட்டும் இல்லை. உங்களுக்காக ஒருத்தி அப்பளத்திலும் மோரிலும் உங்கள் இலையின் ஓரத்திலும் மனம் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் கவனத்துக்கு அவள் கவனத்தைச் செலவழித்தாள்.

அது அந்தக் காலம் என்கிறீர்களா? இந்தக் காலத்துச் சேதி ஒன்று சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், என்னை விட இரண்டு வயது சிறியவள். சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரை அவளுக்கு. அந்த மாத்திரை வகையில் சில, போட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது விசாரிக்காது. பேரனுக்குக் காதுகுத்து. பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவள் நின்று விசாரிக்காவிட்டால் மரியாதையாக இருக்குமா? முதல் பந்தி, இரண்டாம் பந்தி. ஒன்றே முக்காலுக்குக் கைகழுவும் இடத்தில் வேர்த்து விறுவிறுத்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே. பார்க்கப் போன எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வேளைக்குச் சாப்பிட வேணாமா டீச்சர்? உடம்பக் கவனிச்சுக்கணும்ல." சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள். "நீங்க மொதல்ல உக்காருங்க" என்று அன்றைக்கு ஒரு வாய் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுப் போட்டிருக்க வேண்டியதில்லை.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிரசவம், இரும்புச்சத்துக் குறைவான உணவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு, கடைசியில் சாப்பிடுவது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கீரையும் மீனும் முட்டையும் முதல் இரண்டு பந்தியிலேயே தீர்ந்துபோகிற வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு எது மிஞ்சும் என்று கணக்குப் போட டாக்டர் பட்டம் வேண்டாம்.

கவனமாகச் சாப்பிடுவது என்றால் என்ன என்று நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில்தான். 1978 முதல் 2012 வரை திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வாத்தியார் வேலை. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவில் என் அண்ணன்மார்கள் சாப்பிட்டார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். இதே திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கி வைத்தபோது நான் வேலைக்கு வந்து நான்கு வருஷம். அதன் பிறகு முப்பது வருஷம் தினமும் பகலில் வராந்தாவில் வரிசையாகப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் திராட்சை கொடுத்துப் பயிற்சி தரவில்லை. 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, சாதம் முழுவதையும் சாப்பிட்டு முடித்து, பிறகு வெள்ளையைச் சுற்றிலும் கடித்து, மஞ்சளை உருண்டையாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி பாதியைத் தம்பிக்கு என்று நோட்டுத் தாளில் மடித்துக்கொண்டு போவாள்.

அவர்களிடம் இருந்த கவனம் எங்கிருந்து வந்தது? பசி இருந்தது, சரி. கூடவே சில ஏற்பாடுகளும் இருந்தன. மணி அடித்தால் சாப்பாடு நிச்சயம் என்று தெரியும். உட்கார இடம் உண்டு. எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. பக்கத்தில் சிநேகிதி உண்டு. அவர்கள் பேசாமலும் சாப்பிடவில்லை, வராந்தாவே சந்தை மாதிரி இருக்கும். மௌனமாக உண் என்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேசிக்கொண்டே சாப்பிடுகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் வேகத்துக்குத் தன்னை இழுத்துக்கொள்ளும். தனியாகப் போனோடு உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் வாயில் என்ன போகிறது என்று தெரிவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிவிட்டது. காலை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கி நிழலில் போட்டவள் என்ற முறையில் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

இன்றைக்குப் பிள்ளைக்குப் போனைக் காட்டி ஊட்டுகிற இளம் தாய்களைத் திட்டுவது நம் வயதுக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. காலையில் ஏழரைக்குப் பள்ளி வேன், எட்டுக்கு ஆபீஸ் வேன். நடுவில் அவளுக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் நிலாவைக் காட்டவா முடியும்? அதே நேரத்தில் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தா, பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லி ஊட்டலாமே. போனைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருக்கிறது, ஊட்ட மட்டும் நேரம் இல்லை.

வீட்டை விடுங்கள், வேலைத்தலத்தைப் பார்ப்போம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. அந்த அரை மணியில் கைகழுவ வரிசை, டிபன் பாக்ஸை எடுக்க வரிசை, பெண்களுக்குக் கழிப்பறையில் வரிசை. மிச்சம் பத்து நிமிஷம். ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்களுக்கு வேலை நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சொல்லவே கேரளத்துக்கு 2018 வரையும் நமக்கு 2021 வரையும் ஆனது. சட்டம் போட்டுத்தான் நாற்காலி வாங்கித் தர வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்ணிடம் இருபது நிமிஷம் மென்று சாப்பிடச் சொல்லும் வீடியோவை அவள் எப்போது பார்ப்பாள்? பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பாள். பார்த்துவிட்டு, தன் உடம்பு பெருத்ததற்குத் தன் புத்திதான் காரணம் என்று நினைத்துக்கொள்வாள். இந்த உபதேசத்தில் எனக்குப் பிடிக்காததே இதுதான். நேரத்தைத் திருடியவனை விட்டுவிட்டு, திருட்டுக் கொடுத்தவளுக்கு மனப்பயிற்சி கொடுக்கிறது.

உணவே கவனத்துக்கு இடம் கொடுக்காதபடி செய்யப்படுகிறது என்பது இன்னொன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்து ஒரு சோதனை செய்து 2019-ல் வெளியிட்டது. இரண்டு வாரம் ஆலைகளில் தயாரான பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. முன்னால் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு நாட்களில் அதே ஆட்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள், நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். ஆட்கள் மாறவில்லை, அவர்கள் மனமும் மாறவில்லை. மெல்லவே தேவையில்லாமல் கரைகிற பண்டத்தைச் செய்து, பத்து நிமிஷத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றால் என்ன நியாயம்?

இடையில் ஒன்று. சின்னத் தட்டில் போட்டுக்கொண்டால் குறைவாகச் சாப்பிடுவீர்கள் என்று அந்த வகுப்பிலும் சொன்னார்கள். இதைப் பிரபலப்படுத்தியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்க். கவனமில்லாமல் உண்பது பற்றி 2006-ல் பெரிதாக விற்ற புத்தகம் எழுதியவர். 2018-ல் அவர் ஆய்வில் முறைகேடு செய்திருக்கிறார் என்று அந்தப் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது. அவருடைய கட்டுரைகளில் ஆறை ஒரே நாளில் மருத்துவ இதழ்கள் திரும்பப் பெற்றன. ஸ்லைடு மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது. மாமியார் சின்னத் தட்டு வாங்கி மருமகளுக்குக் கொடுக்காமல் இருந்தால் சரி.

"அப்போ என்னதான் செய்யணும்கிறீங்க?" என்று வகுப்பு முடிந்து லிஃப்டில் வரும்போது ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், வங்கியில் மேலாளராக இருந்தவர், தினமும் உணர்ந்து உண்கிறவர். நான் சொன்னேன்: "இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டம்மா உக்கார்ற வரைக்கும் நீங்க உக்காராதீங்க. அவ்வளவுதான் சார்." சிரித்துவிட்டு, "அவ கேக்க மாட்டா டீச்சர், அவளுக்கு எல்லாரும் சாப்பிட்டாத்தான் திருப்தி" என்றார். நாற்பது வருஷமாக அந்தத் திருப்தியை யார் பழக்கிக் கொடுத்தது என்று கேட்பதற்குள் அவர் மாடி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பரிமாற ஆள் கிடையாது. நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள், பேத்தி. சாதம், குழம்பு, ரசம், மோர், தண்ணீர் எல்லாம் மேஜைக்கு வந்த பிறகுதான் முதல் தட்டில் சோறு விழும். எதையாவது எடுக்க மறந்துபோனால், யாருக்கு வேண்டுமோ அவர் போய் எடுத்துவர வேண்டும். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் உத்தரவு போட்டுப் பழகிய என் வீட்டுக்காரருக்கு முதலில் இது சரிப்படவில்லை. "ரசம் ஆறிப்போகுதே" என்பார். ரசம் எல்லாருக்கும் ஒரே சூட்டில் இருக்கிறது என்று பேத்தி பதில் சொன்னாள். இப்போது உப்பு எங்கே இருக்கிறது, நெய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது, யாரும் கடிகாரம் வைத்து மெல்லாமலேயே.

விருந்தினர் வந்தாலும் இதுதான் முறை. ஊரிலிருந்து வந்த நாத்தனார் ஒருத்தி நான் கூடவே உட்கார்ந்ததைப் பார்த்து முகம் சுளித்தாள். இரண்டாம் நாள் அவளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள், அவள் ஊரில் மகனும் மருமகளும் பேரன்களும் சாப்பிட்டு முடிக்கும்போது இரவு பத்தாகிவிடும் என்றும், அதற்குப் பிறகு பசியே செத்துப்போகிறது என்றும் சொன்னாள். எழுபத்து நான்கு வயது அவளுக்கு.

தோசை மட்டும் இந்தச் சட்டத்துக்கு அடங்காது. இட்லியை அவித்து மூடி வைக்கலாம், சப்பாத்தியை ஹாட்பேக்கில் போடலாம், தோசையை மூடி வைத்தால் பிறகு அது தோசையே இல்லை. கல்லுக்கு முன்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களை நிற்கவைத்ததில் தோசைக்கல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் தோசைக்கு முறை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை மகன் ஊற்ற வேண்டும். நானும் மருமகளும் பேத்தியும் முதலில் உட்காருகிறோம், அவனும் அவன் அப்பாவும் பிறகு. முதல் இரண்டு தோசை இலங்கை வரைபடம் மாதிரி வரும், மூன்றாவதிலிருந்து ஒழுங்காகிவிடும். அடுப்படியிலிருந்து "அம்மா, இன்னொண்ணு?" என்று கேட்பான். நான் வாயில் இருப்பதை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். "ஒண்ணே ஒண்ணு. நல்லா முறுகலா."